காரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கும் பெரிய பழுதுச் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டுமா?

விளக்கு அசையாமல் எரிகிறதா, மினுக்குகிறதா என்பதை முதலில் பாருங்கள். அசையாமல் எரிந்து, வண்டியின் ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால், நிதானமாக வீடு வரை அல்லது பழுதகம் வரை ஓட்டிச் செல்லலாம். ஓரிரு நாளுக்குள் காட்டிவிடுவது நல்லது. மினுக்கினால் பொருள் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலேயே வெளியேறுகிறது, அதாவது மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்லும் கோளாறு கடுமையாக இருக்கிறது என்று அது சொல்கிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அடைந்து அங்கே எரியும். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும். சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய ஸ்பார்க் பிளக் அல்லது அதற்கு மின்சாரம் தரும் காயில் வேலை, பல பத்தாயிரம் ரூபாய்ச் செலவாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே மினுக்கும் விளக்கைக் கண்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

சிவப்பு நிறத்தில் எரியும் ஆயில் விளக்கும் வெப்ப விளக்கும் இதில் சேராதவை. அவற்றில் எது எரிந்தாலும் ‘அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம்’ என்று எண்ணாமல் உடனே நிறுத்த வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் சில நிமிடங்களே பேரிங்குகளைத் தின்றுவிடப் போதும்.

சாவியைத் திருப்பும்போது மட்டும் எரிந்து அணைவது கோளாறா?

இல்லை. பல்பு வேலை செய்கிறது என்பதைக் காட்ட அப்படி எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். பழைய கார் வாங்கும்போது சாவியைத் திருப்பியும் அந்த விளக்கு எரியவே இல்லை என்றால், கோளாற்றை மறைக்க யாரோ அதை முடக்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

இந்த விளக்கு எதைக் கண்டு எரிகிறது?

இதன் அடிப்படை நோக்கம் புகையைக் கட்டுப்படுத்துவது. அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்து எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 என்ற பொதுவான கண்காணிப்பு முறை கட்டாயமாயிற்று. இந்தியாவில் பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு 2010 ஏப்ரலில் இத்தகைய கண்காணிப்பின் முதல் நிலையும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6, 2023 ஏப்ரல் 1 முதல் அதன் இரண்டாம் கட்டம் எனக் கண்காணிப்பு இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. இன்ஜினின் கணினி ஆக்சிஜன் சென்சார், காற்று அளவு காட்டும் சென்சார், கிராங்க் சென்சார் போன்றவை அனுப்பும் அளவுகளை இடைவிடாமல் படித்து, எதிர்பார்த்த எல்லைக்கு வெளியே ஏதாவது போனால் ஒரு குறியீட்டைப் பதிவுசெய்து விளக்கை ஏற்றுகிறது.

ஒருமுறை தவறு தெரிந்ததுமே எரிந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் அதே தவறு தென்பட்டால்தான் விளக்கு எரியும். அதேபோல், தொடர்ந்து மூன்று பயணங்கள் தவறில்லாமல் கழிந்தால் அது பொதுவாகத் தானே அணைந்துவிடும். குறியீடு மட்டும் மேலும் சில வாரங்கள் நினைவில் தங்கியிருக்கும். எனவே ‘தானாகவே அணைந்துவிட்டது’ என்று விட்டுவிடாமல், அணைந்த பிறகும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பது பயன்தரும்.

ஸ்கேன் போட்டால் எந்தப் பாகம் பழுது என்று தெரிந்துவிடும் அல்லவா?

இந்தத் தவறான நம்பிக்கைதான் வண்டி வைத்திருப்பவர்களின் பணத்தை அதிகமாகக் கரைக்கிறது. குறியீடு எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது. எதை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை.

பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். ‘கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி’ என்பது மட்டுமே அதன் பொருள். வெடித்துப்போன ஒரு ரப்பர் வேக்குவம் குழாய் வழியே கூடுதல் காற்று நுழைந்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், ஆக்சிஜன் சென்சாரே பொய் சொல்லலாம். முதல் காரணத்துக்கு ஒரு துண்டுக் குழாய் போதும், மூன்றாவதற்குப் பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்பை மாற்ற வேண்டும். காற்று மிகுதி என்று சொன்னது ஆக்சிஜன் சென்சார் என்பதற்காக அதை மாற்றிவிட்டு, விளக்கு மறுபடி எரிந்ததும் அடுத்த பாகத்தை மாற்றும் வழக்கம் பல பழுதகங்களில் இருக்கிறது. அந்தப் பரிசோதனைக்கெல்லாம் செலவைத் தருபவர் நீங்கள்.

சோதிக்க மனம் இருந்தால் பல சமயம் செலவே இல்லாமல் சோதிக்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாம் சிலிண்டரில் மாட்டி, மூன்றாவதன் காயிலை முதலாவதில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக இடம்பெயர்ந்தால் காயில்தான் குற்றவாளி; பி0301 ஆகவே நின்றால் காயில் நல்லது, அடுத்து பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. நான்கு காயில்களையும் ஒரே மூச்சில் மாற்றச் சொல்லும் மதிப்பீட்டுக்கு இந்தப் பத்து நிமிடம் பதில் சொல்லிவிடும்.

விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் வண்டியின் வேகம், இன்ஜின் சுழற்சி, வெப்பம், சுமை ஆகியவை எவ்வளவு இருந்தன என்ற பதிவும் கணினியில் இருக்கும். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று அதைச் சொல்வார்கள். குறியீட்டை மட்டும் படித்து நிறுத்தாமல் அதையும் படிக்கும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நானே ஸ்கேன் செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இ.எல்.எம்.327 வகை புளூடூத் கருவியை அதில் செருகி, கைப்பேசிச் செயலியோடு இணைத்தால் குறியீடும் பல சென்சார்களின் நேரடி அளவுகளும் தெரியும். இந்தக் கருவிகள் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. பழுதகத்துக்குப் போகும் முன்பே குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டால், அங்கே சொல்லப்படுவதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஏர்பேக், ஏ.பி.எஸ். போன்றவற்றின் குறியீடுகளை இந்த மலிவுக் கருவிகள் பெரும்பாலும் படிக்கா. அவற்றுக்கு மெக்கானிக்கின் பெரிய ஸ்கேனர் வேண்டும்.

குறியீட்டை அழித்துவிட்டால், அல்லது பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் போதாதா?

விளக்கு அணையும், கோளாறு போகாது. கூடவே, காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியிருக்கக்கூடிய ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் அழிந்துவிடும். பழுதைச் சரிசெய்த பிறகு, அது உண்மையிலேயே சரியாயிற்றா என்று பார்க்க அழிக்கலாம். அதற்கு முன் யாரையும் அழிக்க விடாதீர்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் அதில் பூசப்பட்டிருப்பதால் கன்வெர்ட்டர் மலிவாகக் கிடைக்காது. அதனால்தான் பி0420 என்ற குறியீட்டைக் கண்டதும் ஒப்புதல் தந்துவிடக் கூடாது. ‘கன்வெர்ட்டரின் செயல்திறன் எல்லைக்குக் கீழே’ என்பது அதன் பொருள். அந்த முடிவுக்குக் கணினி வருவது கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துத்தான். அந்தச் சென்சார் ஏமாந்தால் கணினியும் ஏமாறும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பது வயதான என் பெட்ரோல் காரில், செங்கல்பட்டைத் தாண்டிச் சென்னை நோக்கி வரும்போது விளக்கு எரிந்தது. மினுக்கவில்லை, இழுவையும் குறையவில்லை. மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். மாலையில் பி0420 குறியீட்டைக் காட்டி, கன்வெர்ட்டர், இரண்டு ஆக்சிஜன் சென்சார், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 71,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் தந்தார்கள். என்னென்ன சோதனை செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ஸ்கேன் செய்தோம் என்பதற்கு மேல் பதில் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பகுதியில் சிறிய ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர், ‘ராத்திரி இங்கேயே நிக்கட்டும் சார், காலையில குளிர்ந்த இன்ஜின்ல பார்க்கணும்’ என்றார். காலை ஏழு மணிக்குப் போனேன். ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து ‘டிக், டிக்’ என்று சன்னமான ஓசை. இரண்டு நிமிடத்தில் இன்ஜின் சூடேறியதும் அது காணாமல் போயிற்று. டார்ச் அடித்துக் காட்டினார். புகைக்குழாயின் இணைப்பில், கேஸ்கெட்டின் ஓரமாக, கண்மை தீட்டியதுபோல் ஒரு கரிக்கோடு. மறுபடி குளிரவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஸ்டார்ட் செய்தபோது அந்தக் கோட்டின் நுனியிலிருந்து குமிழிகள் கிளம்பின. புகை விட்டுவிட்டுத்தான் பாய்கிறது. இரண்டு பாய்ச்சலுக்கு நடுவே குழாய்க்குள் அழுத்தம் தாழும் கணத்தில், இந்த விரிசல் வெளிக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. அந்தக் காற்றில் இருந்த ஆக்சிஜனைத்தான் பின் சென்சார் எண்ணியிருக்கிறது. ஒரு கேஸ்கெட், துருப்பிடித்த இரண்டு போல்ட்டுகள், கூலி எல்லாம் சேர்ந்து 1,850 ரூபாய் ஆயிற்று. விளக்கு பிறகு எரியவில்லை.

எல்லா பி0420-க்கும் இதே முடிவு என்று சொல்லவில்லை. கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெடும். அதையும் சோதித்தே சொல்லலாம்: வழக்கமான ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டிகளில் முன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே வேகமாக ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் ஏறத்தாழ அசையாத கோடாக நிற்கும். புகைக் கசிவு இல்லாத நிலையிலும் பின் சென்சார் முன் சென்சாரைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று கொள்ளலாம். கைப்பேசித் திரையிலேயே இரண்டு கோடுகளையும் அருகருகே பார்க்கலாம். அப்படியே மாற்ற நேர்ந்தாலும், பழையது ஏன் கெட்டது என்று கேளுங்கள். மிஸ்ஸிங்கோ, இன்ஜின் ஆயில் எரிவதோ சரிசெய்யப்படாமல் இருந்தால் புதிதும் அதே வழியில் போகும்.

நின்ற வண்டியில் திடீரென்று பல விளக்குகள் ஒன்றாக எரிகின்றன. ஏன்?

முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். மின்னழுத்தம் தாழ்ந்தால் கணினிகள் தாறுமாறாகக் குறியீடு தரும். அடுத்து பானெட்டைத் திறந்து எலியைத் தேடுங்கள். சில நாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில், எச்சமும் கடித்த வயரின் துணுக்குகளும் பேட்டரியைச் சுற்றியோ இன்ஜின் மூடிக்கு அடியிலோ கிடப்பதைக் காணலாம். கடிபட்டது ஓரிரு வயர் என்றால், முழு வயரிங் தொகுப்பையும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அதே தடிமனுள்ள வயரைச் சால்டர் செய்து இணைத்து, மேலே உறை போட்டுத் தந்துவிடுவார். புகையிலைக் கட்டு, நாப்தலீன் உருண்டை என்று பலரும் வைக்கிறார்கள். வாசம் போனதும் எலி திரும்பிவிடுகிறது. அடிப்பக்கத் திறப்புகளுக்குக் கம்பிவலை அடிப்பதும் இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியை நகர்த்துவதும்தான் நிலைக்கின்றன.

பி.எஸ்.6 டீசல் கார். நகரத்துக்குள் மட்டுமே ஓட்டுகிறேன். விளக்கு அடிக்கடி எரிகிறது.

புகைக்குழாயில் இருக்கும் டீ.பி.எஃப். என்ற கரி வடிகட்டி அடைக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானே சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த வெப்பம் கிடைக்கத் தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. டீ.பி.எஃப். விளக்கு மட்டும் எரியும் தொடக்க நிலையில், வண்டியின் கையேட்டில் சொல்லியபடி நெடுஞ்சாலையில் இருபது நிமிடம்போல் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதையும் புறக்கணித்தால் இழுவை குறைந்து, பழுதகத்தில் கணினி வழியே எரிக்க வேண்டிவரும். அதற்கும் மசியாவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். கையேட்டில் குறிப்பிட்ட, சாம்பல் குறைந்த வகை இன்ஜின் ஆயிலையே ஊற்றுங்கள். மலிவான வேறு ஆயிலின் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும், எந்தச் சூட்டிலும் எரியாது. அன்றாட ஓட்டம் முழுவதும் நகரத்துக்குள்தான் என்றால், டீசல் கார் வாங்காமல் இருப்பதே சரி என்பது என் கருத்து.

மழைநீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்களைப் பொறுத்தவரை, ‘ஒருமுறை அடித்துப் பார்ப்போம்’ என்ற ஆசைதான் பேராபத்து. காற்று நுழையும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது; பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வழக்கமான முழுக் காப்பீட்டில் இந்த வகை இன்ஜின் சேதம் பொதுவாக அடங்காது. ‘இன்ஜின் ப்ரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்திருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் அனுப்புங்கள்.

சாதாரணமான இன்ஜின் பழுதுக்குக் காப்பீடு கிடைக்காதா?

கிடைக்காது. தேய்மானம், இயந்திரப் பழுது, மின்பழுது ஆகியவை மோட்டார் காப்பீட்டில் விலக்கப்பட்டவை. உற்பத்தியாளரின் வாரண்டி அல்லது நீட்டித்த வாரண்டி இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். எலி கடித்ததற்கு இழப்பீடு உண்டா என்பதை உங்கள் பாலிசி வாசகத்தைப் படித்தே முடிவுசெய்யுங்கள்.

எஸ்டிமேட் மிக அதிகமாகத் தோன்றுகிறது. பழுதகத்தில் என்ன கேட்க வேண்டும்?

சண்டை போட வேண்டியதில்லை, கேள்வி கேட்டால் போதும். பதிவான குறியீடு என்ன? அதற்குப் பிறகு எந்தச் சோதனை செய்து இந்தப் பாகத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இந்தப் பாகத்தை மாற்றியும் விளக்கு எரிந்தால் யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் தருபவர் பெரும்பாலும் நேர்மையான மெக்கானிக்காகவே இருப்பார். எஸ்டிமேட்டை பாகம், கூலி, வரி என்று பிரித்து எழுத்தில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி.தான், அதற்குமுன் பெரும்பாலான பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜாப் கார்டில் ‘என் ஒப்புதல் இல்லாமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது, மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். இப்படி எழுதிய வண்டியில், மாற்றாத பாகத்தை மாற்றியதாகச் சொல்ல யாருக்கும் துணிவு வராது.

சோதனைக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஒரு மணி நேரம் மல்டிமீட்டரோடு குனிந்து நின்று காரணத்தைத் தேடுபவரின் உழைப்புக்கு நாம் காசு தராததால்தான், அவரும் அந்தக் காசைப் பாகத்தின் விலையில் எடுக்கிறார்.

கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ். அது முடிந்த பிறகு, ஸ்கேனரும் மல்டிமீட்டரும் வைத்திருந்து, அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்த வெளி மெக்கானிக் நல்ல துணை. கணினியையே மாற்றி நிரல் ஏற்றுவது, ஏர்பேக் தொடர்பான வேலை ஆகியவற்றைக் கம்பெனியிடமே விடுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கிப் போடலாமா?

பாகத்தைப் பொறுத்தது. கதவு, கண்ணாடி, விளக்குக்கூடு, ஆல்டர்னேட்டர் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் பார்த்து வாங்குவதில் பெரிய தவறில்லை. ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் பம்பு, டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதவை அவை. சென்சார்களில் போலிகள் அதிகம். கார் நிறுவனத்துக்குச் செய்துதரும் அதே உற்பத்தியாளரின் பெயரில், வேறு பெட்டியில் வரும் பாகம் பல சமயம் விலை குறைவாகக் கிடைக்கும். பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

பழுதுச் செலவு வண்டியின் விலையை நெருங்குகிறது. செய்யலாமா, விற்றுவிடலாமா?

இன்றைய விற்பனை விலையோடு மட்டும் ஒப்பிட்டால் கணக்குத் தவறும். இந்தச் செலவைச் செய்தால் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும், அதே ஆண்டுகளுக்குப் புதுக் காரின் மாதத் தவணை எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். உடலில் துரு இல்லாத, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கும் வண்டிக்கு ஒரு லட்ச ரூபாய் செலவிடுவதுகூடச் சில சமயம் லாபம். அடித்தளத்தில் துரு ஏறியிருந்தால், அல்லது ஓராண்டுக்குள் இது மூன்றாவது பெரிய செலவு என்றால், விற்றுவிடுவதே நல்லது.

பணம் கொடுத்தும் விளக்கு மறுபடி எரிகிறது. பழுதகத்தார் கைவிரித்துவிட்டார்கள். என்ன செய்வது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இது சேவைக் குறைபாடாகக் கருதப்படலாம். முதலில் நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, பில், ஜாப் கார்டு, குறியீட்டைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றின் நகலோடு பழுதகத்துக்குப் பதிவு அஞ்சலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, பதிலுக்கு ஒரு கெடு கொடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் சோதித்து, அவர் கண்டதை எழுத்தில் வாங்கி வைப்பது வழக்குக்கு முதுகெலும்பாக இருக்கும். அதற்கு முன்பே வண்டியைப் பிரித்து வேலை பார்த்துவிட்டால் சான்று போய்விடும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவுசெய்யுங்கள். பல புகார்கள் அந்த நிலையிலேயே பேசி முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். பில் வேண்டாம், வரியை மிச்சப்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் இந்த இடத்தில்தான் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.